பொண்ணுன்னு நினைச்சுட்டோம்

மதியம் ஒரு மணிக்கு அந்தச் சலவைக்கூடத்தில் இயந்திரங்களை நிறுத்துவார்கள். காலையிலிருந்து ஓட்டல் படுக்கை விரிப்புகளையும் ஆஸ்பத்திரிப் போர்வைகளையும் துவைத்துப் பிழிந்து உலர்த்திய கூடம் சட்டென்று அடங்கிவிடும். காதில் மட்டும் இரைச்சல் இன்னும் கொஞ்ச நேரம் ஓடிக்கொண்டிருக்கும். காலியான துணி வண்டிகளில் சாய்ந்துகொண்டு ஆண்கள் டிபன் பாக்ஸைத் திறப்பார்கள். ஒரு கையில் சோறு, மறு கையில் செல்போன். நாலு பேர் ஓர் அணியாகச் சேர்ந்து எதிரிகளைச் சுடும் ஒரு விளையாட்டு. பாய்லர்காரர் முதல் சூப்பர்வைசர் வரை எல்லோருக்கும் அது பித்தாகப் பிடித்திருந்தது.

அன்று வழக்கத்தைவிடக் கூச்சல் அதிகம். விளையாட்டில் புது வசதி வந்திருந்தது. அதுவரை கம்பெனி கொடுத்த ஆளைத்தான் ஓட்டவேண்டும். இனி அவரவர் ஆளை அவரவரே உருவாக்கிக்கொள்ளலாம். மூக்கு, தாடை, முடி, நிறம், உயரம், நடை எல்லாம் நம் இஷ்டம். படைப்புத் தொழிலே தங்கள் கைக்கு வந்துவிட்டதுபோல் ஆளாளுக்கு ஒரு கட்சி பேசினார்கள்.

"நான் என்னை மாதிரியே செஞ்சுட்டேன். தொப்பை உட்பட," என்றார் பாய்லர்காரர்.

"வீட்டுக் கண்ணாடியில பாக்குறது பத்தலையா? விளையாட்டுலயாவது மனுஷன் கொஞ்சம் நல்லா இருக்க வேண்டாமா?" என்றான் சுருட்டை. முன்மண்டை முடியெல்லாம் கொட்டிப்போன பிறகும் அந்தப் பட்டப்பெயர் அவனை விடவில்லை. அவன் உருவாக்கிய ஆளுக்கு இடுப்புவரை முடி தொங்கியது.

வேன் டிரைவர் வாயில் சோற்றோடு சிரித்தான். "பொண்ணா செஞ்சுக்கங்கய்யா. அரை மணி நேரமும் அந்த ஆளோட முதுகைப் பாத்துக்கிட்டுத்தானே ஓடணும்? பாக்குற முதுகு நல்ல முதுகா இருந்துட்டுப் போகட்டுமே!"

கூடம் முழுக்கச் சிரித்தது. மற்றப் பெண்கள் சாப்பிட வெளியே போயிருக்க, துணி மடிக்கும் மேஜையருகே முதுகு காட்டி உட்கார்ந்திருந்த பெண் மட்டும் சிரிக்கவில்லை. அவள் ஏன் சிரிக்கவில்லை என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். தெரிந்துதான் சிரித்தார்கள்.

சூப்பர்வைசரும் சிரித்தார். நல்ல மனுஷன் என்று பெயரெடுத்தவர் அவர். பன்னிரண்டு வருஷத்தில் யாரிடமும் ஒரு கடுஞ்சொல் பேசியதில்லை, யாரையும் பகைத்துக்கொண்டதில்லை. இந்த மாதிரி நல்லவர்களிடம்தான் நாம் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருக்கவேண்டும். யாரையும் பகைத்துக்கொள்ளாதவர்கள், தேவைப்படும்போது யார் பக்கமும் நிற்கமாட்டார்கள்.

டிரைவர் சொன்ன யோசனை அவருக்குப் பிடித்துவிட்டது. சாப்பிட்டுக்கொண்டே ஒரு பெண்ணை உருவாக்கினார். ஒற்றைப் பின்னல், கன்னத்தில் ஒரு மச்சம், பெயர் மின்மினி. மூன்று மணிக்கு முதலாளி மேடம் அறையில் விசாரணை இருப்பது ஞாபகம் வந்ததும் செல்போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

விசாரணை அந்தத் துணி மடிக்கும் பெண் கொடுத்த புகாரின்மேல்தான். நாலு மாதமாக வேன் டிரைவர் அவளுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தான். முதலில் பூப்படம் போட்ட காலை வணக்கம். கூட வேலை செய்கிறவன் என்ற மரியாதைக்கு அவளும் ஒரு தடவை பதில் வணக்கம் போட்டாள். அதற்குப் பிறகு இன்று என்ன கலர் உடுத்தியிருக்கிறாய் என்பதில் தொடங்கி, நீ தனியாகத்தானே இருக்கிறாய் என்பதுவரை வந்து, அப்புறம் எழுதவே கூசுகிறவற்றை எழுதினான். படுத்த படுக்கையாக இருந்த அம்மாவை அவள் ஒருத்தியின் சம்பளம்தான் காப்பாற்றிக்கொண்டிருந்தது. வேலையை விட முடியாது. ஆறு வாரத்துக்கு முன்னால், உலர்த்தும் இயந்திரத்தின் பின்னால் வைத்து, அவள் செல்போனைச் சூப்பர்வைசரிடம் நீட்டினாள். அவர் ஒன்று விடாமல் படித்தார்.

படித்துவிட்டு அவர் சொன்னது இதுதான்: "அவனை பிளாக் பண்ணிட்டு வேலையைப் பாரு தங்கச்சி. ஆமா, நீ எதுக்கு முதல்ல பதில் போட்ட?"

அதோடு நிற்காமல், விஷயத்தை நயமாக முடித்துவைக்கிறேன் என்று டிரைவரைத் தனியாகக் கூப்பிட்டு, "பாத்து நடந்துக்கப்பா, அது செல்லை எடுத்துட்டு வந்து காட்டுது," என்று வேறு சொன்னார். டிரைவர் பாத்துதான் நடந்துகொண்டான். அனுப்பியவனே இரண்டு பக்கமும் அழிக்கும் வசதி இருந்ததால், அன்று மாலைக்குள் எல்லாச் செய்திகளையும் இரண்டு செல்போனிலிருந்தும் அழித்துவிட்டான். பிறகு எழுதுவதை விட்டுவிட்டு வாயால் பேசத் தொடங்கினான். வாயால் பேசுவதற்குச் சாட்சி ஏது?

ஆகவே அவள் மேடத்திடம் புகார் கொடுத்தபோது, அந்தச் செய்திகளைக் கண்ணால் பார்த்த ஒரே ஆள் சூப்பர்வைசர்.

மேடம் நேராகவே கேட்டார். "நீங்க அந்த மெசேஜ் எல்லாம் பாத்தீங்களா?"

டிரைவர் சுவரோடு ஒட்டி நின்றிருந்தான். தினமும் மாலையில் சூப்பர்வைசரை வேனில் ஏற்றிக்கொண்டு போய் வீட்டு வாசலில் இறக்கிவிடுகிறவன் அவன்தான். சூப்பர்வைசர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஏதோ காட்டுச்சு மேடம். குட்மார்னிங் மாதிரி இருந்துச்சு. தப்பா எதுவும் பாத்ததா ஞாபகம் இல்ல."

"அண்ணே!" என்றாள் அவள்.

பொய்ப் புகார் என்று எழுதிக் கையெழுத்தானது. சாயங்காலம் அவள் கணக்கை முடித்து அனுப்பிவிட்டார்கள். அன்றும் சூப்பர்வைசர் வேனில்தான் வீட்டுக்குப் போனார். வழியெல்லாம் டிரைவர் பாட்டுப் போட்டுக்கொண்டு வந்தான்.

அடுத்த வாரம் ஒரு மதியம். தன் கூட்டாளிகள் ஏற்கெனவே ஓர் ஆட்டத்தில் இருந்ததால் சூப்பர்வைசர் முன்பின் தெரியாத மூன்று பேரோடு அணி சேர்ந்தார். கூடத்தில் சத்தமாக இருந்ததால் மைக்கை அணைத்து வைத்திருந்தார். திரையில் மின்மினி பின்னலை ஆட்டிக்கொண்டு நின்றாள்.

'ஹாய் மின்மினி' என்று ஒருவன் எழுதினான். இவரும் 'ஹாய்' என்று எழுதினார்.

அவ்வளவுதான். அந்த மூவரும் எதிரியைத் தேடுவதை விட்டுவிட்டு மின்மினியின் பின்னாலேயே வந்தார்கள். எந்த ஊர், வயசு என்ன, போட்டோ அனுப்பு என்று கேட்டார்கள். இவர் பதில் எழுதவில்லை. எழுதாததற்குத் திட்டினார்கள். தப்பித்துப் போக ஒரு வீட்டுக்குள் ஓடினார். இருவர் வாசலை அடைத்துக்கொள்ள, மூன்றாமவன் மின்மினியைச் சுவரோரம் ஒதுக்கி, தன் பொம்மையை அவள்மேல் உட்காரவைத்து எழுப்பி, மறுபடி உட்காரவைத்து எழுப்பி, வேடிக்கை காட்டினான். கூடவே எழுதிய வார்த்தைகளை இங்கே எழுதுவதற்கில்லை. சூப்பர்வைசர் ஆட்டத்தை அணைத்தார். வெறும் பொம்மைதானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

மறுநாள் அவர் உள்ளே நுழைந்ததும் அதே மூவர் பெயரைத் தேடிப் பிடித்து வந்துவிட்டார்கள். அதற்கு மறுநாளும் வந்தார்கள். 'நீ யாரு, எங்க இருக்கன்னு கண்டுபிடிக்க எங்களுக்கு ரெண்டு நாள் போதும்' என்று ஒருவன் எழுதியபோது, மீசை நரைத்த அந்த மனுஷர் நிஜமாகவே பயந்துபோனார். சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு மைக்கைத் திறந்தார்.

"டேய், யாருடா நீங்கல்லாம்? நான் நாப்பத்தெட்டு வயசு ஆம்பளைடா!"

மறுமுனையில் ஒரு குரல் பதறியது. "ஐயோ, சாரிண்ணே! தப்பா எடுத்துக்காதீங்க. பொண்ணுன்னு நினைச்சுட்டோம்."

இன்னொருவன் தன்னிடமிருந்த நல்ல துப்பாக்கியை மின்மினியின் காலடியில் போட்டான். "இந்தாங்கண்ணே, இத வச்சுக்கங்க. வாங்க, சேந்து விளையாடலாம்." எவ்வளவு மரியாதையான பிள்ளைகள்!

சூப்பர்வைசர் நடந்ததை எல்லோரிடமும் சொன்னார். சொன்னால் மனம் ஆறும் என்று நினைத்தார். விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் ஆளுக்கு ஒரு யோசனை வந்தது.

"பின்னலை வெட்டி ஒரு ஹெல்மெட்டை மாட்டி விடுங்கண்ணே," என்றான் சுருட்டை.

"முதல்ல பேரை மாத்துங்க. மின்மினின்னு வச்சா மொய்க்கத்தான் செய்வானுங்க," என்றார் பாய்லர்காரர். "பொண்ணா வச்சதே உங்க தப்பு. வேணாம்னா அழிச்சுட்டு வேற ஆள் செஞ்சுக்கங்க."

வேன் டிரைவர் கண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தான். "எல்லாம் சரிண்ணே. நீங்க எதுக்கு முதல்ல ஹாய் சொன்னீங்க?"

சூப்பர்வைசரின் முகத்தில் ஈயாடவில்லை. இந்தக் கேள்வி அவருக்குத் தெரியும். அவரே கேட்ட கேள்வி. பின்னலைப் பற்றிப் பேசினார்கள், பெயரைப் பற்றிப் பேசினார்கள், அவர் சொன்ன ஹாயைப் பற்றிப் பேசினார்கள். அந்த மூன்று பயல்கள் செய்தது அயோக்கியத்தனம் என்று ஒரு வாயிலிருந்தும் வரவில்லை. அந்தப் பயல்களும் செய்ததற்காகவா மன்னிப்புக் கேட்டார்கள்? ஆள் மாறிப்போனதற்காகக் கேட்டார்கள். நிஜமாகவே ஒரு பெண் அங்கே இருந்திருந்தால் அவர்களுக்கு வருத்தப்பட ஒன்றுமே இல்லை. இதை நினைத்தபோது அவருக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

எழுந்து நேராக மேடம் அறைக்குப் போனார்.

"அன்னைக்கு நான் பொய் சொன்னேன் மேடம். எல்லா மெசேஜையும் நான் படிச்சேன். அசிங்கமா இருந்துச்சு. அதை அவன் அழிச்சதும் என்னாலதான்."

மேடம் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார். "நீங்க ஒரு வார்த்தை உண்மையைச் சொல்லுவீங்கன்னுதானே உங்களைக் கூப்பிட்டேன்? எனக்கு அன்னைக்கே மனசு ஒப்பல. பாத்தவரே இல்லைன்னுட்டா நான் என்ன செய்ய?" என்றார். ஒரு தாளை அவர் முன்னால் தள்ளினார். "எழுதிக் குடுங்க."

எழுதிக் கொடுத்தார். அன்றே டிரைவரிடமிருந்து வேன் சாவியை வாங்கிக்கொண்டு அவனை வேலையிலிருந்து அனுப்பினார்கள். சூப்பர்வைசரை மேற்பார்வையிலிருந்து இறக்கித் துணி பிழியும் பகுதியில் போட்டார்கள். அவர் சரி என்று தலையாட்டினார். புகார் உண்மை, வேலைக்குத் திரும்பி வரவும் என்று மேடம் கையெழுத்திட்ட கடிதத்தைத் தானே கொண்டுபோய்க் கொடுப்பதாகக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அவள் வீடு மூன்றாவது மாடியில், குறுகலான படிகளின் உச்சியில் இருந்தது. கதவு திறந்தே கிடந்தது. உள்ளே பாத்திரங்கள் சாக்கில் கட்டப்பட்டிருந்தன. பாய்கள் சுருட்டி நிறுத்தப்பட்டிருந்தன. வெறும் தரையில் விரித்த போர்வைமேல் அவள் அம்மா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

அவள் வாசலுக்கு வந்தாள். உள்ளே கூப்பிடவில்லை. "சொல்லுங்க சார்," என்றாள். எப்போதும் அண்ணே என்று கூப்பிடுகிறவள்.

"என்னம்மா, வீடு மாத்துறீங்களா?"

"காலி பண்ணச் சொல்லிட்டாங்க. ஆம்பளைங்க மேல பொய்க் கேஸ் போடுறவளாம் நான், அந்த டிரைவர் இங்க வந்து வீட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டுப் போயிருக்கான். வேலை கேட்டு ஏறி இறங்குன ரெண்டு லாண்டிரியிலயும் இதே பேச்சு. நாளைக்குத் தம்பி வீட்டுக்குப் போறோம். அவன் பொண்டாட்டி எத்தனை நாளைக்கு வச்சுக்குவாளோ தெரியல."

அவர் கடிதத்தை நீட்டினார். டிரைவரை அனுப்பிவிட்டதைச் சொன்னார். மன்னிப்புக் கேட்டார். அதோடு நிறுத்தியிருக்கலாம். மனத்திலிருப்பதையெல்லாம் கொட்டிவிட்டால் பாரம் குறையும் என்று நினைத்தாரோ என்னவோ, மின்மினி கதையையும் முழுக்கச் சொல்லி, "எனக்கே நடந்தப்புறம்தான் தங்கச்சி புரிஞ்சுது," என்று முடித்தார்.

அவள் கடிதத்தை ஒருமுறைக்கு இருமுறை படித்தாள்.

"உங்களுக்கா? உங்களுக்கு எங்க சார் நடந்துச்சு?" என்றாள். குரல் உயரவில்லை. "பொம்மைக்கு நடந்துச்சு. ஆம்பளைன்னு நீங்க ஒரு சத்தம் போட்டதும் கையெடுத்துக் கும்பிட்டு விட்டுட்டானுங்க. நான் எந்தக் குரல்ல பேசியிருந்தா அந்த டிரைவர் விட்டிருப்பான்?"

உள்ளேயிருந்து அம்மா, "யாரும்மா அது?" என்று கேட்டாள். "யாரும் இல்லம்மா, வேலை செஞ்ச எடத்துலேருந்து," என்று சொல்லிவிட்டு அவள் அவர் பக்கம் திரும்பினாள்.

"இந்த லெட்டரை வாங்கிக்கிறேன். என் பேருக்காக. ஆனா அந்தக் கூடத்துக்குள்ள என்னால திரும்பக் கால் வைக்க முடியாது. உங்க கண்ணு முன்னாடி நின்னு, செல்லைக் கையில குடுத்துச் சொன்னேன். படிச்சீங்க, நம்பல. ஒரு பொம்மைக்கு நடந்ததும் நம்பிட்டீங்க."

"தங்கச்சி..."

"எனக்கு இனிமே நீங்க செய்ய வேண்டியது ஒண்ணும் இல்ல. ஆனா அங்க இன்னும் பதினஞ்சு பொண்ணுங்க வேலை செய்யுறாங்க. நாளைக்கு ஒருத்தி அழுதுக்கிட்டு வந்து சொன்னா, எதுக்குப் பதில் போட்ட, எதுக்கு அப்படி உடுத்துனன்னு அவளைத் திருத்தப் பாக்காதீங்க. செஞ்சவனைக் கேளுங்க. அன்னைக்கே கேளுங்க. ஒரு பொம்பள சொல்றதை நம்பறதுக்கு நீங்க பொம்பள வேஷம் போட்டுப் பாக்கணும்னு அவசியம் இல்ல சார்."