லிஃப்ட் மெக்கானிக்கின் எடை

வெளிநாட்டில் நிரந்தரமாகத் தங்கும் அனுமதிக்குப் புள்ளிகள் சேரச் சேர, லிஃப்ட் மெக்கானிக்கின் எடை குறைந்துகொண்டே வந்தது. உடம்பு மெலியவில்லை; சட்டை அளவும் மாறவில்லை. படிப்புக்கான புள்ளிகள் கிடைத்த வாரம், அவர் படியிறங்கும் சத்தம் நின்றுபோனது. அனுபவத்துக்கான புள்ளிகள் வந்தபோது, அவர் உட்காரும் நாற்காலி முனகுவதை விட்டது. மூன்றாவது முறை முட்டி மோதி ஆங்கிலப் பரீட்சையில் தேறிய பிறகு, அவர் உள்ளே நின்றாலும் லிஃப்ட் தன்னைக் காலி என்று எண்ணி விளக்கை அணைத்துக்கொண்டது. அவரோ லிஃப்டில்தான் கோளாறு என்று பல கட்டடங்களில் கழற்றிப் பார்த்தார். தொழில்காரர் புத்தி வேறெங்கே போகும்?

அப்படியும் புள்ளிகள் போதவில்லை. வயது ஏறினால் புள்ளி இறங்கும். அடுத்த பிறந்தநாளோடு ஆசையை மூட்டை கட்ட வேண்டியதுதான். ஏஜென்ட் ஒரு வழி சொன்னார்.

“மனைவி கூட வரலைன்னு போட்டுடுங்க சார். தனி ஆளுக்குப் புள்ளி அதிகம். போய்ச் சேந்ததும் கூப்பிட்டுக்கலாம், எல்லாரும் பண்றதுதான்.”

தையல் கடை வைத்திருந்த மனைவி, வாயில் குண்டூசியோடு தலையை ஆட்டினாள். சரி என்றா, வேண்டாம் என்றா என்று அவர் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது. அன்று முதல் கட்டிலில் அவர் பக்கம் மெத்தை அமுங்கவே இல்லை. அவள் தொட்டுப் பார்த்தாள். ஆள் இருந்தார்.

அனுமதி வந்தது. கிளம்பும்போது, தினமும் வேலைக்குப் போகிறவர் போல “போயிட்டு வரேன்” என்றார். விமான நிலையத்தில் பெட்டியைத்தான் நிறுத்துப் பார்த்தார்கள். அவரை யாரும் நிறுக்கவில்லை.

மறுநாள் சாயங்காலம், அவர் வழக்கமாக வரும் நேரத்துக்கு, லிஃப்ட் அவர்கள் மாடியில் நின்று கதவைத் திறந்தது. உள்ளே யாரும் இல்லை. காலடிச் சத்தம் மட்டும் வீட்டுக்குள் வந்தது. நாற்காலி முனகியது. மனைவி அக்கா வீட்டுக்கு ஓடிப்போய் ஒரு வாரம் இருந்தாள். திரும்பி வந்து கதவைத் திறந்தால், தரைவிரிப்பில் இரண்டு பாதங்களின் பள்ளம், வாசலைப் பார்த்தபடி. அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

“வரேன்னு சொல்லிட்டுத்தானே போனீங்க” என்று மூக்கைத் துடைத்துக்கொண்டு விளக்கைப் போட்டாள்.

அங்கே வெளிநாட்டில் அவருக்கு வேலை நன்றாகவே நடந்தது. தனியாக ஏறினால் மட்டும் லிஃப்ட் நகராது; வேறு யாராவது ஏறும்வரை உள்ளே இருட்டில் நின்றிருப்பார். சில வருடங்கள் அலையாய் அலைந்து அவளுக்கும் அனுமதி வாங்கி, போனில் சொன்னார். அவள் கட்டிலைப் பார்த்தாள். மெத்தை அவர் பக்கம் அமுங்கியிருந்தது.

“இவர தனியா விட்டுட்டு நான் எப்படிங்க வர்றது?”

 “நல்லாப் பாத்துக்க” என்று சொல்லிவிட்டு அவர் போனை வைத்தார்.