மருந்துக்கடை மூடியிருந்தால்

சலூன்காரரின் கடை வாசலில் ஒரு கரும்பலகை உண்டு. காலையில் கதவைத் திறந்ததும் அதில் ஒரு வரி எழுதுவார். 'விருந்தாளி கிளம்பிய பிறகுதான் வீட்டுக்காரருக்குச் சொந்தக் குரல் திரும்புகிறது' என்பதுபோல. பஸ்ஸுக்கு நிற்பவர்கள் படித்துச் சிரிப்பார்கள். "எப்படிங்க இதெல்லாம் தோணுது?" என்று யாராவது கேட்டால் அவருக்குத் தலைகால் புரியாது. உண்மையில் அவருக்கு எதுவும் தோன்றுவதில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, கழுத்தில் துணி கட்டிக்கொண்டு ஜனங்கள் மனம்விட்டுப் பேசுவதைத்தான் கொஞ்சம் தட்டிக்கொட்டி எழுதினார்.

எதிர்க் கடையில் சாவி வெட்டும் பூட்டுக்காரரின் மனைவி, முதுகில் அடிபட்டு நெடுநாளாகப் படுக்கையில் கிடந்தாள். ஒருநாள் சவரத்துக்கு நடுவில் பூட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்: "மருந்து வாங்கப் போறப்ப, கடை மூடியிருக்கக் கூடாதான்னு ஒரு நிமிஷம் தோணிடுது. அப்புறம் என்னை நானே அறைஞ்சுக்கணும்போல இருக்கு."

மறுநாள் பலகையில் அது ஏறிவிட்டது: 'நோயாளியைப் பார்த்துக்கொள்பவன், மருந்துக்கடை மூடியிருந்தால் தேவலை என்று ஒரு நிமிடம் நினைப்பான்.' பெயர் போடவில்லையே என்று சலூன்காரர் தைரியமாக இருந்தார். ஆனால் அந்தத் தெருவில் அப்படி வேறு யார் இருக்கிறார்கள்? மதியத்துக்குள் பேச்சு வீடுவரை போய்விட்டது. பூட்டுக்காரர் சண்டைக்கு வரவில்லை. வேறு கடையில் சவரம் செய்துகொண்டார், அவ்வளவுதான்.

சில நாள் கழித்து அவர் மனைவியே போன் செய்தாள். முடி வெட்ட வேண்டுமாம். சலூன்காரர் கத்தரியோடு போனார். கட்டிலுக்குப் பக்கத்தில் மருந்துப் பெட்டிகள் ஜன்னல் உயரத்துக்கு அடுக்கியிருந்தன.

"பாத்தீங்களாண்ணே? இனிமே கடைக்கே போக வேண்டாம்னு மொத்தமா வாங்கி வச்சிட்டாரு."

"தப்புப் பண்ணிட்டேன் தங்கச்சி."

"முன்னெல்லாம் என்மேல எரிஞ்சு விழுவாரு. நானும் திருப்பிக் குடுப்பேன். பொழுது போகும். இப்ப நர்ஸு மாதிரி மரியாதையா நடந்துக்கறாரு. முகத்தைப் பாக்கறதே இல்ல."

கத்தரி நின்றது. அவள் சுவரைப் பார்த்தபடி சொன்னாள்: "எனக்கும் அப்படித் தோணும்ணே. இன்னைக்குக் கடை மூடியிருந்தா இவராவது நிம்மதியாத் தூங்குவாரேன்னு. இதையாவது உங்களோட வச்சுக்குங்க."

சலூன்காரர் தலையாட்டினார். மிச்ச முடியை வெட்டி, தலையணையில் விழுந்ததைத் துடைத்துவிட்டுக் கிளம்பினார்.

நேரே பூட்டுக் கடைக்குப் போனார். பூட்டுக்காரர் நிமிரவில்லை. "முடி வெட்டறப்ப அழுதாளா?"

"இல்லண்ணே."

"என்கிட்டயும் அழமாட்டேங்கறா."

அந்த ஆளுடைய நெஞ்சுப் பாரத்தை இறக்கிவைக்க ஒரே ஒரு வாக்கியம் போதும். அது சலூன்காரரின் நாக்கு நுனியில் நின்றது. ஆனால் அது அவருடையதல்ல. மென்று விழுங்கினார்.

"கடையைச் சாத்திட்டு இப்பவே வீட்டுக்குப் போங்கண்ணே. பழையபடி ஒரு சண்டையாவது போடுங்க."

"நீ சொன்னதெல்லாம் போதும்ப்பா."

பூட்டுக்காரர் ஒரு சாவியைப் பொருத்தி மெஷினைத் தட்டிவிட்டார். இரும்பு கிறீச்சிட்டது. அந்தச் சத்தத்துக்கு மேல் யார் என்ன சொன்னாலும் காதில் விழாது.