குப்பை லோரி போகும் வழி

“கோலாலம்பூர்ல அரசாங்கம் டீசல் சப்சிடிய நிறுத்துனா எங்க குப்பை எதுக்குத் தம்பி இங்கயே கெடக்கணும்?”

“டீசல் வெல ஏறிப்போச்சுலா அக்கா. மஜ்லிஸ் கையில இருக்கிறது அதே பழைய காசுதான். அதான் வாரத்துக்கு மூணு தடவ வந்த லோரி இப்ப ஒரு தடவ வருது.”

மஜ்லிஸ் எனப்படும் நகராண்மைக் கழகத்தின் குப்பை லோரியை ஓட்டும் புனிதன், இருக்கையை விட்டு இறங்காமலே சொன்னான். லோகேஸ்வரி நம்பவில்லை. பகாவ் சாலையோரம், தோட்டக் குடியிருப்பின் நுழைவாயிலில் இருந்த அவளுடைய வடைக்கடைக்குப் பக்கத்தில்தான் குப்பைத் தொட்டி. ஈ மொய்ப்பதைப் பார்த்த சுகாதார அதிகாரி, மறுபடியும் இப்படி இருந்தால் கடையை மூடிவிடுவதாக எச்சரித்துப் போயிருந்தார்.

“அந்தப் பக்கம் பெரிய வீட்டுத் தாமான்ல மட்டும் தொட்டி பளபளன்னு இருக்கே?”

“அங்கயும் ஒரு தடவதான்லா.”

“அப்ப அவங்கல்லாம் காத்தையா சாப்பிடறாங்க?”

புனிதன் சிரித்தான், ஆனால் அவளைப் பார்க்கவில்லை. இந்த வாரத்திலேயே இரண்டு முறை அந்தத் தாமான் குடியிருப்பின் திருப்பத்தில் ஒரு குப்பை லோரி திரும்பியதை அவள் பார்த்திருந்தாள். அது இவனுடையதா என்றுதான் தெரியவில்லை.

அவன் லோரியைக் கிளப்பினான். அவள் அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்து கதவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

“இன்னிக்கு என்னையும் ஏத்திக்கிட்டுப் போ தம்பி. லோரி எங்கெங்க நிக்குதுன்னு நானே பாக்குறேன்.”