கடைசி வீடு வரை ஒரு சேதி

நாட்டுப் பாதுகாப்பு என்றால் எல்லையில் துப்பாக்கியோடு நிற்பவர்கள் பாடு என்றுதான் பள்ளி வேன் ஓட்டும் அக்கா நெடுங்காலம் நினைத்திருந்தாள். தெருவே அவளை அக்கா என்றுதான் கூப்பிடும். அந்தப் பாதுகாப்பு தன் தலையில் வந்து விடியும் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை.

போன புயலில் செல்போன்கள் செத்துப்போயின. அணையைத் திறக்கப் போகிறார்கள் என்ற சேதி பாதித் தெருவோடு நின்றுவிட்டது. கடைசி வீட்டுக் கர்ப்பிணிப் பெண் இடுப்பளவு தண்ணீரில் நின்ற பிறகுதான் மற்றவர்களுக்கு உறைத்தது. அவளைத் தாங்கிப் பிடித்துக் கரையேற்றியது அக்காதான். அன்றைக்குப் பிடித்த நடுக்கம் இன்னும் விடவில்லை. அதனால்தான் போரோ புயலோ வந்தால் சேதி பரப்ப நகராட்சி தெருவுக்கு ஒரு பொறுப்பாளர் கேட்டபோது முதல் ஆளாகக் கையைத் தூக்கினாள்.

இன்று ஒத்திகை. செல்போனைத் தொடக் கூடாது. தெருமுனையில் அதிகாரி சொல்லும் சேதியை ஒவ்வொரு வீடும் அடுத்த வீட்டுக்கு வாயால் சொல்ல வேண்டும். கேட்டவர் அதைப் பிசகாமல் திருப்பிச் சொன்ன பிறகுதான் அதற்கடுத்த வீடு.

ஏற்பாடெல்லாம் பிரமாதம்தான். ஆனால் நடுத்தெருவில் அடுத்தடுத்த வீடுகளில் இருந்தவர்கள் அவளுடைய அண்ணனும் தம்பியும். அண்ணன் தையல்காரர், தம்பி சலூன் வைத்திருப்பவன். ஏதோ அவசரத்துக்கு அண்ணன் வேறு கடையில் முடி வெட்டிக்கொண்டார். மறுநாளே தம்பி ரெடிமேட் சட்டை மாட்டிக்கொண்டு அண்ணன் கடை வாசலில் உலாத்தினான். பேச்சு நின்று வருடக்கணக்காகிறது. புயலன்று சேதி நின்றதும் இந்த இரண்டு வாசலுக்கு நடுவில்தான்.

அந்த இரண்டு வீட்டையும் விட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குச் சொல்லிவிடலாமே என்று அவள் கணவர் நைசாக யோசனை சொன்னார்.

"வெள்ளம் வந்தா, அதுவும் அந்த ரெண்டு வீட்ட விட்டுட்டுப் போகுமா?" என்றாள் அக்கா.

சேதி கிளம்பியது. கிழக்குத் தொட்டித் தண்ணீரைக் குடிக்காதீர்கள், மைதானத்துக்கு லாரி வரும், பாத்திரத்தோடு வாருங்கள். வீடு வீடாக விறுவிறுவென்று நகர்ந்து அண்ணனிடம் வந்தது. கழுத்தில் டேப்போடு வெளியே வந்த அவர், தம்பியை ஏறெடுத்தும் பார்க்காமல் விளக்குக் கம்பத்திடம் முழுவதையும் ஒப்பித்தார். தம்பியும் சளைத்தவனா? தன் ஸ்கூட்டர் கண்ணாடியைப் பார்த்துத் திருப்பிச் சொன்னான். ஆனால் மேற்குத் தொட்டி என்றான்.

அண்ணனுக்கு முகம் கடுத்தது. மறுபடி கம்பத்திடம் சொன்னார். இந்தத் தடவை ஸ்கூட்டருக்குப் போன சேதியில் லாரி பஸ்ஸாகியிருந்தது. அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றாவது முறை தம்பி நிதானமாக, கிழக்குத் தொட்டித் தண்ணீரை வயிறு முட்டக் குடிக்கலாம் என்றான்.

தையல் ஒரு நூல் பிசகினாலும் பிரித்துத் தைக்கிற மனுஷன் எத்தனை நேரம்தான் பொறுப்பார்?

"குடிக்கக் கூடாதுடா, குடிச்சா செத்துப்போவ! என் மூஞ்சியப் பாத்துச் சொல்றா."

தம்பி மெல்லத் திரும்பினான். அண்ணன் முகத்தைப் பார்த்து ஒரு சொல் பிசகாமல் சொன்னான். அங்கிருந்து சேதி ஓட்டமெடுத்தது. கடைசி வீட்டில், புயலன்று கர்ப்பிணியாக இருந்த அந்தப் பெண், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அதை அட்சரம் தப்பாமல் திருப்பிச் சொன்னபோது அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஊரிலேயே மெதுவான தெரு இதுதான், ஆனாலும் தேறிவிட்டது என்றார் அதிகாரி.

சாயங்காலம் தம்பியை ஒரு பிடி பிடிக்கலாம் என்று சலூனுக்குப் போனாள். நாற்காலியில் துண்டைப் போர்த்திக்கொண்டு அண்ணன் உட்கார்ந்திருந்தார்.

மூன்று தடவையும் எப்படித் தப்பும் என்று அவள் தம்பியின் காதில் கேட்டாள்.

"மொதல்லயே சரியாச் சொல்லியிருந்தா, அண்ணன் கம்பத்துகிட்ட பேசிட்டே உள்ள போயிருப்பாருக்கா" என்றான் அவன்.

அண்ணன் கண்ணாடியைப் பார்த்தபடியே, பேச்சைக் குறைத்துக்கொண்டு காதோரம் பார்த்து வெட்டும்படி சொன்னார்.