ரொட்டிக்கடை முனையில் ஒரு சிறிய மலை

செப்டம்பர் 14, திங்கட்கிழமை

நேற்றைய குறிப்பில் ஒரு சிறு பிழை. இந்தச் சிறு கடலோர ஊரான கிரோவிக்கில் பார்ப்பதற்கு ஆறு இடங்கள் இருக்கின்றன என்று எழுதியிருந்தேன். ஏழு இருக்கின்றன. ஏழாவது நான்.

இன்று காலை மீன் தொழிற்சாலைக்குப் போகும் வழியில் படகுத்துறைப் பலகையை மறுபடியும் படித்துப் பார்த்தேன். மரத் தேவாலயம். தகரத்தில் அடைத்த மீனின் அருங்காட்சியகம். திமிங்கிலத்தின் தாடை எலும்பு. முன்னொரு காலத்தில் ஓர் அரசர் காலுறை மாற்றிக்கொண்ட பாறை. கலங்கரை விளக்கம். ஊருக்குப் பின்னால் இருக்கும் மலை. அதற்குக் கீழே, காயாத பெயின்ற்றில், புதிதாக ஒரு வரி: "சிறிய மலை. எளிதான ஏற்றம். குடும்பங்களுக்கு ஏற்றது." அம்புக்குறி அக்காவின் வீட்டைக் காட்டியது.

அது வேறு யாராகவும் இருக்கலாம் என்று முதலில் நினைத்தேன். அவசரப்பட்டு முடிவுக்கு வருவது என் பழக்கம். அந்த வீட்டில் மூன்று பேர்தான். அத்தான் லொறி ஓட்டுகிறார், வாரநாட்களில் ஊரில் இருப்பதில்லை. அக்கா ஒன்பது வருடமாக இங்கே இருக்கிறா. அவவைப் பார்த்ததாக இந்த ஊரில் ஒருவரும் காட்டிக்கொண்டதில்லை. ஆகவே நான்.

காரணமும் எனக்குத் தெரியும். இந்த ஊரில் மலையில் எதிரே வருகிற எவருக்கும் "ஹை" சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மரியாதை இல்லை. தெருவில் எவருக்கும் சொல்லக்கூடாது. முந்திய வாரம் ஞாயிறு நான் மலைக்குப் போனேன். நீலத் தொப்பி போட்ட ஒரு கிழவர் எதிரே வந்தார். ஹை என்றார். ஹை என்றேன். அவர் பெயர் ஊட்வார் என்று பிறகு அறிந்தேன். நேற்று முன்தினம் ரொட்டிக்கடை முனையில் அதே தொப்பி வந்தது. என் வாய் என்னைக் கேட்காமல் ஹை என்றது.

ஊட்வார் நின்றார். கையிலிருந்த பையைக் கீழே வைத்தார். தன் சப்பாத்துகளைப் பார்த்தார். தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார்.

"இங்கே ஏற்றம் இல்லையே," என்றார்.

பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபோது வாசலில் முதுகுப்பைகளோடு பத்துப் பன்னிரண்டு பேர் நின்றார்கள். அக்கா யன்னல் திரைக்குப் பின்னால் நின்றா.

"தம்பி, நீ ரோட்டில ஆருக்கோ ஹை சொல்லிப்போட்டாய்."

"ஒரே ஒருக்காத்தான் அக்கா."

"எத்தினை தரம் படிச்சுப் படிச்சுச் சொன்னனான்! ஒன்பது வருசமா நான் சப்பாத்தைப் பாத்துக்கொண்டு நடக்கிறன். உனக்கு ஒரு தெரு நடக்கேலாதோ?"

"அந்தாளைத் தெரியும் அக்கா."

"தெரிஞ்சால்? தெரிஞ்ச ஆக்களுக்குத்தான் முக்கியமாச் சொல்லக்கூடாது. விசரா."

பிறகு சோறு போட்டா. வெளியே நின்றவர்களும் பையிலிருந்து பழம் எடுத்து உரித்துச் சாப்பிட்டார்கள். தோடம்பழத்தோல் வாசம் வீட்டுக்குள் வந்தது.

செப்டம்பர் 15, செவ்வாய்க்கிழமை

கொம்யூனுக்குப் போனேன். கொம்யூன் என்றால் இங்கே நகரசபை. அங்கே நடைகூடம் எனக்குச் சமதரையாக இருந்தது. என்னை நோக்கி வந்தவர்களுக்கு மேடாக இருந்தது. மூச்சு வாங்கியபடி, இடுப்பில் கையை வைத்து, இரண்டு தரம் நின்று நின்று வந்தார்கள். நான் முன்னால் போகப் போக நடைகூடம் எனக்கு முன்னால் நீண்டது. மலைகள் எதையும் சென்று சேர்வதில்லை என்பதால் இருக்கலாம். கடைசியில் விண்ணப்பம் கொடுக்கும் கருமபீடம் என்னிடம் வந்தது.

அங்கே இருந்த பெண்ணின் பெயர் பியோர்க். அவள் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் இருந்த காட்சியைப் பார்த்தாள்.

"உயரம்?"

"ஐந்தடி ஏழு அங்குலம்."

"கடல்மட்டத்திலிருந்து."

"இது முதலாம் மாடியா?"

"மலைகள் கேள்வி கேட்பதில்லை."

"நான் மலை இல்லை. தவறுதலாக ஹை சொல்லிவிட்டேன்."

"ஹை என்ற சொல் மலையில்தான் கேட்கும்," என்றாள் பியோர்க். "அது ரொட்டிக்கடை முனையில் கேட்டிருக்கிறது. ஆகவே அங்கே ஒரு மலை இருந்திருக்கிறது. ரொட்டிக்கடை மலையா? இல்லை. ஊட்வார் மலையா? அவர் இங்கே பிறந்தவர். வேறு யார் இருந்தது?"

நான் யோசித்துப் பார்த்தேன். வேறு யாரும் இருக்கவில்லை.

"வெள்ளிக்கிழமை சிவப்பு அடையாளம் போடுவார்கள்," என்றாள். "எல்லா மலைப்பாதைக்கும் போடுவதுதான். போட்ட பிறகு மாற்ற முடியாது. மலை வீட்டுக்குள் குடியிருக்கக்கூடாது. உன் சகோதரி அறையைக் காலி செய்ய வேண்டும்."

"அதற்கு முன்னால் என்ன செய்யலாம்?"

"ஊட்வார் உனக்குத் திருப்பி ஹை சொல்ல வேண்டும். தெருவில்."

"சொன்னால்?"

"ஒருவர் செய்தால் பிழை. இரண்டு பேர் செய்தால் பழக்கம். பழக்கத்தில் கொம்யூன் தலையிடாது."

வெளியே வந்தபோது கொம்யூன் வாசலிலேயே என்மேல் ஏறத் தொடங்கினார்கள். அதை எப்படி எழுதுவது என்று சரியாகத் தெரியவில்லை. ஒருவரும் என்னைத் தொடவில்லை. முன்னால் சாய்ந்து, ஊன்றுகோலை ஊன்றி, என்னை நோக்கி வந்தார்கள். என் தோளருகே வந்ததும் அப்பாடா என்று நின்று, எனக்கு முதுகைக் காட்டிக் கடலைப் பார்த்தார்கள். ஒரு ஜெர்மன்காரர் தன் மனைவியிடம் படத்தில் உயரமாக இருந்தது என்று குறைப்பட்டார். மனைவி என் காலடியில் ஒரு கல்லை வைத்தாள். மலை உச்சியில் கல் குவிப்பது இங்கே வழக்கம். அவளுக்குப் பின்னால் வந்தவள் அதன்மேல் இன்னொன்று வைத்தாள். அது என் பெருவிரலில் விழுந்தது. விரலை மடக்கிக்கொண்டேன். வலிக்கிறது என்று சொல்லியிருக்கலாமோ என்று இப்போது தோன்றுகிறது.

ஒன்றைக் கவனித்தேன். மருந்துக்கடைக்காரரும் ரொட்டிக்கடைப் பெண்ணும் ஒரே நேரத்தில் வந்தார்கள். இருபது வருடமாக எதிரெதிர்க் கடை. என் இடது தோளருகே ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"ஹை," என்றார் அவர்.

"ஹை, ஹை," என்றாள் அவள். முகம் சிவந்துவிட்டது.

இருவரும் இறங்கிப் போனார்கள். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் ஏறி வந்தார்கள்.

செப்டம்பர் 16, புதன்கிழமை

மாலையில் மொழி வகுப்பு. இந்த நாட்குறிப்பை எழுதச் சொன்னது எங்கள் ஆசிரியை, தூரில் என்பவர்தான். அவரிடம் வீட்டுப்பாடத்தைக் கொடுத்தேன். தலைப்பு: எங்கள் ஊரில் பார்க்கவும் செய்யவும் கூடியவை.

"ஆறு இடம்தான் எழுதியிருக்கிறாய்," என்றார்.

"ஏழாவது நான். என்னைப் பற்றி எழுதத் தயக்கமாக இருந்தது."

"மாரெக், நீ சொல்லு."

மாரெக் போலந்துக்காரன். கப்பல் பட்டறையில் வேலை. எழுந்து நின்று சொன்னான்: "கிரோவிக்கில் நாம் துவாரகன்மேல் ஏறலாம்."

"மிக நன்று. வினைச்சொல் சரியான இடத்தில் இருக்கிறது."

உண்மையில் அது நல்ல வாக்கியம். என்னுடைய ஆறும் அவ்வளவு நன்றாக இருக்கவில்லை.

பக்கத்து மேசையில் இருக்கும் செலாம் எரித்திரியாப் பெண். என் பக்கம் குனிந்தாள்.

"வலிக்குமா?"

"ஏறும்போது இல்லை. கல் வைக்கும்போது கொஞ்சம்."

"போன மாசம் பஸ்ஸில் ஒருத்திக்குக் கை காட்டப் பார்த்தேன். பாதியில் ஞாபகம் வந்தது. தலைமுடியைச் சரிசெய்வது மாதிரி ஆக்கிவிட்டேன்."

"கெட்டிக்காரி."

"இன்றைக்கும் அவளைக் காணும்போதெல்லாம் முடியைச் சரிசெய்கிறேன்."

தூரில் மேசையைத் தட்டினார். வகுப்பு முடியும்வரை என்னை வெளியே நிற்கச் சொன்னார். யன்னலை மறைக்கிறேனாம். யன்னலுக்கு வெளியே போய் நின்றேன். அங்கேயும் மறைத்தேன். ஆனால் அங்கே மறைப்பது இயற்கை என்றார்.

செப்டம்பர் 17, வியாழக்கிழமை

ஊட்வாரைத் தேடிப் படகுக் கொட்டிலுக்குப் போனேன். கதவுக்குச் சிவப்புப் பெயின்ற் அடித்துக்கொண்டிருந்தார்.

"ஊட்வார், எனக்கு ஒரு உதவி வேண்டும். தெருவில் ஒரு தடவை ஹை சொல்ல வேண்டும்."

தூரிகை நின்றது. அவர் திரும்பவில்லை.

"பக்கத்து வீட்டு ஆர்ன, நாற்பது வருடம் என் அயலவன்," என்றார். "வேலிக்கு அந்தப்பக்கம் அவன், இந்தப்பக்கம் நான். ஒரு நாள் ஹை சொன்னதில்லை. எங்களுக்குள் எந்தப் பிரச்சினையும் இல்லை."

"மலையில் எனக்குச் சொன்னீர்களே."

"அது மலை."

"இப்போது நானே மலை. கொம்யூன் சொல்கிறது."

"மலைக்கு யார் ஹை சொல்வார்கள்?" உண்மையிலேயே ஆச்சரியப்பட்டார். "மலையில் எதிரே வருகிறவனுக்குத்தான் சொல்வது. மலைக்குச் சொல்கிறவன் பைத்தியம்."

"அப்படியென்றால் என்னை மனிதன் என்று நினைத்துச் சொல்லுங்கள்."

"மனிதனுக்குத் தெருவில் சொல்லக்கூடாது."

அவர் சொன்னதில் பிழை கண்டுபிடிக்க முயன்றேன். கிடைக்கவில்லை. இந்த ஊர் மொழி எனக்கு இன்னும் போதாது.

"சொன்னால் நீங்களும் மலையாகிவிடுவீர்கள் என்று பயமா?"

"எனக்கு முழங்கால் சரியில்லை. நிற்க முடியாது." தூரிகையைத் தகரத்தில் தோய்த்தார். "நேற்று உன்மேல் வந்தேன். ஆர்னவும் வந்திருந்தான். அவனுக்கு முன்பல் ஒன்று இல்லை. எனக்குத் தெரியாது."

"உங்களுக்குள் பிரச்சினை இல்லை என்றீர்களே."

"இல்லை. ஆனால் பல்லும் இல்லை." கொஞ்ச நேரம் பெயின்ற் அடித்தார். பிறகு, "நாளைக்கு எங்கே நிற்பாய்?" என்றார்.

"ரொட்டிக்கடை முனையில்."

"நல்லது. அங்கே காற்றுக் குறைவு."

இதை நல்ல சகுனம் என்று எடுத்துக்கொண்டேன். வீட்டில் அக்காவிடம் சொன்னேன். அக்கா என் அறையைக் கூட்டிக்கொண்டிருந்தா. காலி செய்யவா, வழமையாகக் கூட்டுவதா என்று கேட்கவில்லை.

"நாளைக்கு வேலை முடிய நானும் வாறன்," என்றா. "அந்தக் கிழவன் சொல்லாட்டி நான் கதைக்கிறன். என்ர தம்பியை ரோட்டில விட்டிட்டு இருக்க என்னால ஏலாது."

"நீ அவரோட கதைப்பியோ அக்கா?"

"கதைப்பன். முதியோர் இல்லத்தில இவங்கட தாய் தேப்பன்மாரைக் குளிப்பாட்டிற நான். எனக்கென்ன பயம்?"

செப்டம்பர் 18, வெள்ளிக்கிழமை

ரொட்டிக்கடை முனையில் நின்றேன். மழை தூறியது. மழையிலும் வந்தார்கள். இந்தத் தடவை ஒருவரும் கடலைப் பார்க்கவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். வங்கியில் வேலை செய்பவர் பாதிரியாருக்கு ஹை சொன்னார். பாதிரியார் தன் முன்னாள் மனைவிக்குச் சொன்னார். பியோர்க் முதுகுப்பையோடு வந்து, அலுவலகத்தில் பக்கத்தில் இருப்பவளுக்குச் சொன்னாள். என் காலடிக் கற்குவியல் முழங்காலுக்கு வந்துவிட்டது.

மருந்துக்கடைக்காரரிடம், "நான் மனிதனாகிவிட்டால் நீங்கள் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டேன்.

அவர் தலையைத் திருப்பவில்லை. "இந்த மலையில் காற்று ஒரு மாதிரிச் சத்தம் போடுகிறது," என்று ரொட்டிக்கடைப் பெண்ணிடம் சொன்னார். அவள் என் இடுப்புக்கு ஒரு பெரிய கல்லை முட்டுக்கொடுத்தாள். அசையாதிருக்கட்டும் என்றாள்.

ஊட்வார் தெருமுனையில் தெரிந்தார். நீலத் தொப்பி. ஒரு கையில் பெயின்ற் தகரம், மறு கையில் தூரிகை. படகுக் கொட்டில் கதவுக்கு அடித்த அதே சிவப்பு. அடையாளம் போடும் வேலையை இந்த வருடம் அவர்தான் ஏற்றிருக்கிறார் என்று பியோர்க் யாரிடமோ சொன்னாள். ஊரில் இப்படியான வேலைகளை முறை வைத்துச் சம்பளமில்லாமல் செய்வார்கள்.

அவர் முன்னால் சாய்ந்து, நொண்டியபடி, என்னை நோக்கி ஏறினார். மூன்று முழத் தூரத்தில் நின்றார். மூச்சை விட்டார். தலையை நிமிர்த்தினார். என் முகத்துக்கு நேரே சொன்னார்:

"ஹை."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. "ஹை, ஊட்வார்," என்றேன். சத்தமாக, உச்சரிப்புச் சரியாக.

நான் சொன்னது அவருக்குக் கேட்கவில்லை. அவர் பார்த்தது என் தோளுக்குப் பின்னால்.

திரும்பினேன். அக்கா நின்றா. வேலையிலிருந்து நேரே வந்திருந்தா. கோழிக்கறிப் பெட்டியும் குடையும் முதுகுப்பையிலிருந்து வெளியே தெரிந்தன. முதுகில் பை இருந்தது. கால் ஏற்றத்தில் இருந்தது. மலையில் எதிரே வருகிறவள் என்று எண்ண ஊட்வாருக்கு அது போதும்.

அக்கா தன் சப்பாத்தைப் பார்த்தா. பிறகு அவரைப் பார்த்தா.

"ஹை," என்றா. ஒரு நொடி கழித்து, அவர்கள் சொல்வது போலவே இரண்டாக, "ஹை, ஹை."

"மழை," என்றார் ஊட்வார்.

"ஓம், மழை," என்று அக்கா தமிழில் சொன்னா. அவருக்கு விளங்கியது.

பியோர்க் சொன்னாள், ஹை. மருந்துக்கடைக்காரர் சொன்னார். பாதிரியாரும் அவருடைய முன்னாள் மனைவியும் சேர்ந்து சொன்னார்கள். முதியோர் இல்லத்தில் அக்காவோடு ஏழு வருடமாக வேலை செய்யும் பெண் ஒருத்தி தள்ளி நின்றாள், அவளும் ஓடி வந்து சொன்னாள். அக்கா ஒவ்வொருவருக்கும் பதில் சொன்னா. அவவின் கழுத்து இவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியாது. ஒன்பது வருடமாகக் குனிந்திருந்தபடியால் கவனித்ததில்லை.

"அக்கா," என்றேன். "அவரோட கதை. இப்ப அடையாளம் போடப்போறார்."

அக்கா என் பக்கத்தில் வந்து நின்றா. என் சட்டைக் கொலரைச் சரிசெய்தா. சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பும்போது செய்வது போல.

"தம்பி."

"என்ன அக்கா?"

"கொஞ்ச நாளைக்கு இப்பிடியே நில்லன்."

மழை இரண்டு பேர்மேலும் பெய்தது.

"என்ர அறை?"

"கட்டிலைக் கழட்டி மேல வைக்கிறன். எறிய மாட்டன். பின்னேரத்தில சோறு கொண்டு வருவன்."

"எத்தினை நாளைக்கு?"

அவ பதில் சொல்ல வாயெடுத்தா. அந்த நேரம் ஆர்ன ஏறி வந்தார். பல் இல்லாத வாயால் அக்காவுக்கு ஹை என்றார். அக்கா திரும்பிவிட்டா.

ஊட்வார் தூரிகையை எடுத்தார். நெஞ்சின் நடுவில், சட்டைமேல், மலைப்பாதைகளில் இருக்கும் அதே சிவப்பு T எழுத்தைப் போட்டார். முதலில் மேல்கோடு, பிறகு கீழே இறங்கும் கோடு. குளிராக இருந்தது. கோணலாக வந்துவிட்டதோ என்று கேட்க நினைத்தேன். மலைகள் கேள்வி கேட்பதில்லை. அவர் தள்ளி நின்று, ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்து, கீழ்க்கோட்டை இன்னும் கொஞ்சம் தடிப்பாக்கினார்.

இதை அக்காவின் முதுகுப்பையின் மேல் வைத்து எழுதுகிறேன். அவ இன்னும் கொஞ்சம் கீழே நின்று ரொட்டிக்கடைப் பெண்ணோடு கதைத்துக்கொண்டிருக்கிறா. இரண்டு பேரும் சிரிக்கிறார்கள். கோழிக்கறியில் உப்புக் கொஞ்சம் கூடிவிட்டது. சொல்லவில்லை.

நாளை காலை கொம்யூன் இங்கே, ஏறி வருகிறவர்கள் உட்கார, ஒரு மர வாங்கு போட வருகிறது. இடது காலைச் சற்று ஒடுக்கி, அதற்கு இடம் விட வேண்டும்.