சாவியைத் திருப்பியவர்

அது துப்பாக்கிச் சத்தம் அல்ல. சோமன் வைத்த வெடியும் அல்ல. காரின் சைலன்சருக்குள் தேங்கிய பெட்ரோல் ஆவி பற்றிக்கொண்ட சத்தம். ஓடுகிற காரின் சாவியை அணைத்து, திரும்பப் போட்டவர் செல்லசாமி முதலாளி. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அவர் பக்கத்தில் இருந்தவன் நான். ஆனாலும் காரோடு ஊரிலிருந்து பாறசாலை வரை துப்பாக்கிக் கதையும் வெடிக் கதையும்தான் உலவுகின்றன. நடந்ததைச் சொல்கிற கதைக்குக் கேட்க ஆள் இல்லை.

திருவனந்தபுரத்தில் ஒரு ரப்பர் ஆலையில் இரவு வேலை பார்த்தேன். சரிப்படவில்லை. விட்டுவிட்டு அக்கா செல்லபாயின் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். அது 1954. ஆகஸ்டில் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது. அந்த வாரமே அக்காவின் கணவர் ரெத்தினதாஸைக் கொடி பிடித்ததற்காகப் பிடித்துக்கொண்டு போனார்கள். தமிழ் பேசும் தாலுகாக்களை மலையாள மாநிலத்திலிருந்து பிரித்துச் சென்னை மாநிலத்தோடு சேர்க்க வேண்டும் என்பது கோரிக்கை. எனக்கும் அதே கருத்துதான். இன்றும் அதுதான். பின்னால் என்னைத் துரோகி என்று சொன்னவர்கள் உண்டு. அதனால் இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

அத்தான் விட்டுப்போனது ஒரு வாடகைக் கார். உடம்பு, எஸ்டேட் துரை ஒருவர் ஓட்டித் தேய்த்த பழைய திறந்த கார். எஞ்சின் அதனுடையது அல்ல. யுத்தம் முடிந்தபின் ஏலத்தில் எடுத்த ராணுவ ஜீப்பின் எஞ்சின். கார்புரேட்டர் வேறொரு லாரியிலிருந்து கழற்றியது. இந்த மூன்றையும் ஒன்றாக்கி ஓட வைத்தவன் சோமன். பாறசாலை சந்தைக்குப் பின்னால் அவனுக்கு ஒரு பட்டறை. என் வயதுதான். வீட்டில் மலையாளம், பட்டறையில் இரண்டும் கலந்து, கோபம் வந்தால் சுத்தத் தமிழ்.

அத்தான் போன பிறகு கார் இருமத் தொடங்கியது. ஏற்றத்தில் கிணிகிணி என்று தட்டும், இறக்கத்தில் புகை விடும். அக்காவுக்கு அந்தக் கார்தான் சோறு. நான் சோமனிடம் போய், நீ சரி செய்து தர வேண்டாம், எனக்குச் சொல்லிக் கொடு என்றேன்.

"இதுக்கு கம்பெனி புஸ்தகம் இல்ல கேட்டியா," என்றான் சோமன். "மூணு வீட்டுல பெறந்ததைக் கட்டி வச்சிருக்கு. அதுக்க சொபாவத்த அதுகிட்டயே கேக்கணும்."

"எஞ்சின் பேசுமால?"

"உன்னைவிட நல்லா பேசும். நீயாக்கும் ஊமை."

முதலில் பிளக்கைக் கழற்றிப் பார்க்கச் சொன்னான். நுனி கரியாக இருந்தால் பெட்ரோல் கூடுதல். சாம்பல் பூத்து வெளுத்தால் காற்று கூடுதல். கருப்பட்டிக் காப்பியின் நிறம் வந்தால் அதோடு கார்புரேட்டர் திருகை விட்டுவிட வேண்டும். நான் விடமாட்டேன், இன்னும் கொஞ்சம் திருகுவேன். திருப்புளியைப் பிடுங்கிக் கூரையில் எறிந்தான்.

"நல்லா போவுததை இன்னும் நல்லாக்கப் போறியாடா? நீ எலெக்‌ஷன்ல நில்லு."

அடுத்தது டைமிங். முதல் சிலிண்டரின் பிஸ்டன் உச்சிக்கு வரும் நேரத்தில் தீப்பொறி விழ வேண்டும். முந்தி விழுந்தால் ஏற்றத்தில் தட்டும். ஸ்டார்ட் பண்ணும் கைப்பிடி திருப்பி அடித்து மணிக்கட்டை ஒடிக்கும். பிந்தினால் இழுக்காது, கொதிக்கும். டிஸ்ட்ரிபியூட்டரை ஒரு மயிரிழை திருப்பி, காரை ஏற்றத்தில் விட்டுக் கேட்டு, மீண்டும் திருப்ப வேண்டும். அதன் மூடிக்குள் ஒரு சின்ன ரோட்டர் சுழன்று ஒவ்வொரு பிளக்குக்கும் கரண்டைப் பங்கிட்டுக் கொடுக்கும். கட்டைவிரல் அளவுதான் இருக்கும்.

"இதை ஊரிப் பாக்கெட்டில இட்டா, எந்தக் கள்ளனும் வண்டி கொண்டு போவான்னு பேடிக்கண்டா," என்றான். அதைக் கழற்றி வைத்துக்கொண்டால் திருட்டுப் பயம் வேண்டாம் என்று அர்த்தம்.

கடைசியாக ஒன்று சொன்னான். கியரில் வண்டி இறக்கத்தில் உருளும்போது பெட்ரோலை மிச்சம் பிடிக்கச் சிலர் சாவியை அணைப்பார்கள். அணைத்தாலும் எஞ்சின் சுற்றிக்கொண்டுதான் இருக்கும், பெட்ரோலை உறிஞ்சி எரிக்காமல் சைலன்சருக்குத் தள்ளும். பிறகு சாவியைப் போட்டால் மொத்தமும் ஒரே நேரத்தில் வெடிக்கும். "அதை மட்டும் செய்யாதே. சைலன்சர் கீறிப்போவும்."

அவ்வளவுதான் என் படிப்பு.

போராட்டக் குழுவுக்கு உள்ளூர்ச் செயலாளர் செல்லசாமி முதலாளி. தடி வியாபாரி, மரம் அறுத்து விற்பவர். ஊர்வலத்துக்கு முன்னால் ஒலிபெருக்கி கட்டிப் போக எங்கள் காரைக் கேட்டார். சிறையில் இருக்கிறவர் வீட்டுக் கார் என்றால் ஊர்வலத்துக்கு மதிப்பு என்றார். அக்கா சரி என்றாள்.

மைக்கை வைத்தவுடன் ஒரு தொல்லை. எஞ்சின் ஓடினால் ஒலிபெருக்கியில் படபடவென்று இரைச்சல். தீப்பொறி விழுவதெல்லாம் மைக்கில் கேட்டது. முதலாளி "அருமைத் தமிழ் மக்களே" என்றால் "அருமைத் பட்பட் மக்களே" என்று வந்தது. பையன்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அவர் முகம் கறுத்துவிட்டது.

"ஒரு சின்ன கண்டென்சர் வச்சா நிக்கும் மொதலாளி," என்றேன். "சோமன் கையில உண்டு. கொஞ்ச நேர வேலை."

"மலையாளிக்க கை இனி நம்ம காறில படப்பிடாது," என்றார். "குழு தீர்மானமாக்கும். எலே வேதமணி, நீ படிச்சிருக்கல்லா, நீயே செய்."

"எனக்குக் கண்டென்சர் செய்யத் தெரியாது."

"பின்ன என்னத்தல படிச்ச?"

தீர்மானம் போட்டவர்களில் பாதிப் பேர் தங்கள் சைக்கிளுக்குக்கூடச் சோமனிடம்தான் போனார்கள், பின்வாசல் வழியாக. அதைக் கேட்டேன். முதலாளி ஒலிபெருக்கிக் கயிற்றை இறுக்கப் போய்விட்டார்.

ஞாயிறன்று சபையில் ஆராதனை முடிந்து ஊர்வலம் புறப்பட்டது. இஞ்சிவிளை இறக்கம் வந்தது. பின்னால் கூட்டம், இரண்டு பக்கமும் மரவள்ளிக் கப்பைத் தோட்டம், ஓரமாக ஆழமான ஓடை. கார் இரண்டாவது கியரில் ஊர்ந்தது. முதலாளி என் பக்கத்தில் மைக்கோடு இருந்தார்.

"எஞ்சின அணை. எறக்கமாக்கும், தானே உருளும். நான் பேசணும்."

"கியர்ல அணைச்சா வெடிக்கும் மொதலாளி. சோமன் சொல்லி இருக்கான்."

"சோமன் சொன்னான், சோமன் சொன்னான். அவனுக்க வீட்டுல போய்க் கெட."

கையை நீட்டிச் சாவியை அவரே அணைத்தார். இரைச்சல் நின்றது. முதல் முறையாக அவர் குரல் தெளிவாகக் கேட்டது. பேசினார். உண்மையாகவே நன்றாகப் பேசினார். வேண்டாம் என்றேன், கியரை நியூட்ரலுக்குத் தள்ளக் கையை நீட்டினேன். என் கையைத் தட்டிவிட்டார். இறக்கம் முடிந்தது, கார் வேகம் இழந்தது. பேச்சை நிறுத்தாமல் சாவியைத் திரும்பப் போட்டார்.

காது அடைத்துப்போனது. பின்னால் ஒருவன் "சுட்டுட்டான்" என்று கத்தினான். ஆகஸ்டைப் பார்த்த ஜனம். கொடிகளைப் போட்டுவிட்டு ஓடினார்கள். பனையேறி ராஜையா ஓடைக்குள் விழுந்தார், அவர்மேல் நாலு பேர் விழுந்தார்கள். முழங்கால் ஒடிந்தது. அதே காரில்தான் நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். வழியெல்லாம் "ஆருக்கு குண்டு பட்டுது மக்கா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். யாருக்கும் படவில்லை என்றேன். அவர் நம்பவில்லை. அதன் பிறகு அவர் பனை ஏறவே இல்லை.

மறுநாள் பிற்பகல் சந்தை மைதானத்தில் கூட்டம். முதலாளி உண்மையைச் சொல்வார் என்று நினைத்தேன். அன்று இஞ்சிவிளையில் ஒரு போலீஸ்காரன்கூட இல்லை. அதனால் போலீஸ் சுட்டது என்று சொல்ல முடியாது. "நம்ம காறில மலையாளி வெடி வச்சான்," என்றார். "அந்த எஞ்சினத் தொட்டவன் சோமன் ஒருத்தனாக்கும். அவனுக்க பட்டறை நாளைக்கு அங்க நிக்கப்பிடாது."

கூட்டம் உறுமியது. நான் எழுந்தேன்.

"மொதலாளி, சாவிய அணைச்சது நீங்க. போட்டதும் நீங்க."

"எலே, இரு."

"இருக்க மாட்டேன். காட்டித் தாறேன்."

மைதானத்தின் ஓரத்தில் சந்தைச் சரிவு. காரை மேலே ஏற்றினேன். அக்கா ஓடி வந்து பின்னிருக்கையில் ஏறிக்கொண்டாள். சரிவில் விட்டேன், கியரில் வைத்தே சாவியை அணைத்தேன், எல்லோரும் பார்க்கக் கையைத் தூக்கிக் காட்டினேன், திரும்பப் போட்டேன். வெடித்தது. மாமரத்துக் காக்கைகள் கலைந்தன. ஒரு ஆள் தரையில் குப்புற விழுந்து தலையைப் பொத்திக்கொண்டான்.

யாரோ சிரித்தார்கள்.

"எலே, காறு குசு விட்டதுக்கா நேற்று நாம ஓடினோம்?"

"நீ ஓடல்ல, பறந்தே. உனக்க செருப்பு இன்னும் கப்பத் தோட்டத்துல கெடக்கு."

மைதானம் முழுக்கச் சிரிப்பு. முடிந்தது என்று நினைத்தேன். செல்லசாமி முதலாளி மட்டும் சிரிக்கவில்லை. சத்தம் அடங்கும்வரை காத்திருந்தார்.

"நல்லா செய்யுதான். இந்த வித்தைய உனக்கு ஆருல படிப்பிச்சு தந்தது?"

"சோமன்," என்றேன். வேறென்ன சொல்ல?

"கேட்டுக்கிடுங்க," என்றார் கூட்டத்தைப் பார்த்து. "நம்ம காறை எப்பிடி வெடிக்க வைக்கதுன்னு நம்ம பயலுக்கே படிப்பிச்சு விட்டிருக்கான்."

செய்யாதே என்று சொல்லிக் கொடுத்ததை, செய் என்று சொல்லிக் கொடுத்ததாக்கிவிட்டார். கத்தினேன். கேட்கவில்லை. ஒரு நிமிடம் முன்பு சிரித்த அதே வாய்கள் இப்போது ஏசின. சைலன்சருக்குப் பயந்து ஓடியதாக ஒப்புக்கொள்ள யாருக்கும் மனசில்லை. ஓடியதற்கு ஒரு எதிரி தேவைப்பட்டான். சோமனின் பட்டறை கூப்பிடு தூரத்தில் இருந்தது. கம்புகளை எடுத்தார்கள். நாளைக்கு என்றது உடனே என்றாகிவிட்டது.

"விடு மக்கா காற," என்றாள் அக்கா.

கூட்டத்துக்கு முந்திப் பட்டறைக்குப் போய்ச் சேர்ந்தோம். அதற்கு ஒரே வாசல். இரண்டு பக்கமும் செங்கல் சுவர். காரை வாசலுக்குக் குறுக்கே சுவரை ஒட்டிச் சொருகி, கியரில் போட்டு, மூடியைத் திறந்து ரோட்டரை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். சோமன் உள்ளே ஒரு டயருக்குப் பேட்ச் ஒட்டிக்கொண்டிருந்தான். "எந்தாடா?" என்றான். சொன்னேன். டயரைக் கீழே வைக்காமல் ஒட்டிக்கொண்டே இருந்தான்.

கூட்டம் வந்தது. தள்ளிப் பார்த்தார்கள். ஜீப் எஞ்சின், கியரில், சுவருக்கு நடுவில். அசையவில்லை. அக்கா இறங்கவும் இல்லை.

"செல்லபாயி, எறங்கு," என்றார் முதலாளி.

"எனக்க காறாக்கும். எறக்கணும்னா காறோட சேத்துத் தூக்கும்."

"உனக்க மாப்பிள்ள தமிழுக்காகச் செயில்ல கெடக்கான். நீ மலையாளிக்குக் காவலா?"

"அவரு கெடக்கது தமிழுக்கு. உமக்க பொய்க்கு இல்ல ஓய். நேற்று மைக்கு கேக்கணும்னு சாவிய அணைச்சீரு. இண்ணைக்கு அத மறைக்க இவனுக்க கூரைய பொளிக்கீரு. அவரு வெளிய வந்து கேட்டா நான் என்ன சொல்லட்டு?"

ஒருவன் காருக்குள் ஏறி, கிளட்சை மிதித்து ஸ்டார்ட்டரை அமுக்கினான். எஞ்சின் சுற்றியது, பிடிக்கவில்லை. மீண்டும் அமுக்கினான். மீண்டும். பேட்டரி இளைத்து முனகத் தொடங்கியது. உள்ளேயிருந்து சோமனுக்குப் பொறுக்கவில்லை.

"எடா, அதுல ரோட்டர் இல்ல! வெறுதே பேட்டரிய கொல்லாதே!"

தன் பட்டறையை இடிக்க வந்தவனிடம் சொல்கிறான். சீட்டில் இருந்தவன் தன்னையறியாமல் "அப்பிடியா?" என்று விரலை எடுத்துவிட்டான். பின்னால் இருந்தவர்களில் ஒருவர், பிறகு இன்னொருவர், கம்பைக் கீழே வைத்தார்கள். அதில் ஒருவருடைய சைக்கிள் பட்டறைக்குள்ளேயே தலைகீழாக நின்றது. மனம் மாறியதென்று சொல்லமாட்டேன். அலுத்துப் போனார்கள், அவ்வளவுதான். செல்லசாமி முதலாளி "துரோகிகள்" என்றார். அந்தப் பட்டம் எனக்கு அன்றிலிருந்து.

கூட்டம் போனபின் சோமன் ரோட்டரை வாங்கி முனையைத் துடைத்துப் பொருத்தினான். பிறகு கண்டென்சரை எடுத்து வந்து வைத்தான். அக்கா மைக்கை எடுத்து ஒரு முறை இருமினாள். இருமல் மட்டும் தெளிவாகக் கேட்டது. ஒரு இரைச்சலும் இல்லை.

அடுத்த ஞாயிறுக்குக் காரைக் கேட்டு ஆள் வந்தான்.

"தரலாம்," என்றாள் அக்கா. "அதே எறக்கத்துல நின்னு, அதே மைக்கில, நானாக்கும் சாவியத் திருப்பினேன்னு அவரு ஒருதரம் சொல்லட்டு. ராஜையா கேக்கணும்."

முதலாளி வரவில்லை. இரட்டை மாட்டு வண்டியில் ஒலிபெருக்கி கட்டினார்கள். 1956இல் எல்லை களியக்காவிளையில் விழுந்தது. அந்தப் பக்கம் சென்னை மாநிலம், இந்தப் பக்கம் மலையாள மாநிலம். நாங்கள் கேட்டது கிடைக்காமல் இந்தப் பக்கம் நின்றோம். ராஜையாவும் இந்தப் பக்கம், சோமனும் இந்தப் பக்கம். செல்லசாமி முதலாளி தடிக்கடையை அந்தப் பக்கம் மாற்றிக்கொண்டார். அங்கே மேடைகளில் இஞ்சிவிளை வெடியைப் பற்றி இன்றும் பேசுகிறார். மைக் நன்றாகக் கேட்கிறதாம்.