கோட்டூர்புரத்துத் தண்ணீர்

ஒற்றைக் கண்ணை இடுக்கிக்கொண்டு மைக்ராஸ்கோப்புக்குள் பார்த்துக்கொண்டிருந்த தங்கபுஷ்பத்தின் பின்னால் வந்து நின்று, "என்னம்மா, தெரியறதா?" என்று கேட்டார் பத்ரிநாராயணன். உள்ளே கலங்கலான வெளிச்சமும் அதில் மிதந்த தூசியும் தவிர வேறு எதுவும் கிடையாது. "இருக்கு சார்" என்றாள் புஷ்பம். அதோடு வாயை மூடியிருக்கலாம். "ரெண்டு இருக்கு சார்" என்று ஒன்றைக் கூட்டியும் வைத்தாள்.

எஸ்.எஸ்.எல்.சி. எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த பெண்களுக்காக, எழுபத்து நாலாம் வருஷத்து மே மாதத்தில், அடையாறில் ஒரு கல்லூரி விடுதியில் நடந்த அறிவியல் முகாம் அது. பத்ரிநாராயணன் அந்தக் கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுப்பவர். மயிலாப்பூர்க்காரர், கல்யாணமாகாதவர், எதற்கும் சட்டென்று சந்தோஷப்பட்டுவிடுகிறவர். சங்கைப் போலச் சுருண்ட ஓடு கொண்ட, கண்ணுக்குத் தெரியாத ஒரு கடல் பிராணியின் மேல் அவருக்குத் தீராத மோகம். கடலில் மட்டுமே பிழைக்கும் அது ஆற்றில் எங்கே கிடைக்கிறதோ அதுவரை கடல் உள்ளே வந்து போகிறது என்று அர்த்தம். முகத்துவாரம் தொடங்கி அடையாற்றில் பல இடங்களில் தண்ணீர் எடுத்து, புட்டிக்கு இரண்டு பெண்களாகப் பிரித்துக் கொடுத்திருந்தார். புஷ்பத்துக்கும் அவள் கூட்டாளிக்கும் வந்தது கோட்டூர்புரத்துத் தண்ணீர். எல்லாவற்றிலும் கடலுக்குத் தூரமான புட்டி அதுதான். அங்கேயே இரண்டு இருக்கிறது என்றால் மனுஷர் என்ன ஆவார்! "பலே!" என்று கையைத் தட்டியவர், தானும் ஒரு தரம் பார்க்கக் குனிந்தார். அந்த நேரம் பார்த்து அடுத்த மேசையில் ஒருத்தி புட்டியைப் போட்டு உடைக்க, அங்கே ஓடினார். திரும்பி வருவதற்குள் சொட்டு காய்ந்துவிட்டது. சுவரில் தொங்கிய ஆற்றுப் படத்தில் கோட்டூர்புரத்துக்கு நேரே சிவப்புப் பென்சிலால் பெரிதாக ஒரு வட்டம் போட்டார்.

புஷ்பம் பொய் சொல்லி வளர்ந்த பெண் இல்லை. அவள் வளர்ந்தது ஜவுளிக்கடையில். அப்பா சண்முகவேல் சாத்தான்குளத்திலிருந்து வந்து ரங்கநாதன் தெருவில் கடை போட்டவர். அந்தக் கடையில் வாயில் வரவே கூடாத சொல் ஒன்று உண்டு. மயில் கழுத்து நிறத்தில் சேலை கேட்டால், கடையில் அந்த நிறமே இல்லாவிட்டாலும், "அதைவிட எடுப்பா ஒண்ணு காட்டுதேன், உக்காருங்க" என்றுதான் சொல்ல வேண்டும். சரக்கு தீர்ந்திருந்தால் "நாளைக்கு வருது." இல்லை என்று ஒரு தடவை சொன்னால் லட்சுமி படியிறங்கிவிடுவாள். சின்ன வயதில் கடையில் வைத்துத் தெரியாமல் அப்படிச் சொன்னதற்காகப் புஷ்பம் உதட்டில் சுண்டு வாங்கியிருக்கிறாள். கேட்டதற்கு இல்லை என்று சொல்வது அவளுக்கு வராது. தொண்டைக்கு மேல் ஏறவே ஏறாது.

இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், அவள் முகாமுக்கு வந்ததே அந்தப் பழக்கத்தால்தான். பெண்ணை வெளியே தங்கவைக்கும் பேச்சுக்கே அப்பா இடம் கொடுத்திருக்க மாட்டார். பள்ளித் தலைமையாசிரியை கெட்டிக்காரி. வீட்டுக்குப் போகாமல், நேரே கடைக்கு வந்து ரவிக்கைத் துணி எடுத்துவிட்டு, கல்லாவுக்கு எதிரே நின்று, "உங்க பெண்ணை அனுப்பறீங்களா?" என்று கேட்டாள். கடைக்குள், வாடிக்கையான அம்மாள், அதுவும் வெள்ளிக்கிழமை. அப்பா திருதிருவென்று விழித்துவிட்டு, "அனுப்புதேன்மா" என்றார். அன்றைக்கு வீட்டில் மட்டும் ஒன்று சொன்னார்: "கடைசி நாள் நான் வருவேன். நீ அங்க என்னத்தக் கிழிச்சிருக்கன்னு பாத்துட்டுத்தான் காலேசா, வீடான்னு முடிவு." வீடு என்றால் தூத்துக்குடி அத்தை மகன் கனகராஜ்.

ஆகவே அந்தச் சிவப்பு வட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம், ஒரு சின்னப் பொய்தானே, அப்பா பார்த்துப் பெருமைப்பட்டுக்கொண்டு போகட்டும் என்று புஷ்பம் மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். பத்ரிநாராயணன்கூட அதே புட்டியில் இன்னொரு சொட்டு எடுத்துப் பார்த்துவிட்டு, "எல்லாச் சொட்டுலயும் இருக்கணும்னு என்ன இருக்கு?" என்று தானாகவே சொல்லிக்கொண்டு போய்விட்டார்.

சமாதானமாகாதவள் ஒருத்தி இருந்தாள். கூட்டாளி ஆரோக்கியமேரி. பட்டினப்பாக்கத்தில் அம்மா மீன் விற்க, மாநகராட்சிப் பள்ளியில் படித்தவள். மற்ற பெண்கள் சாயங்காலம் பந்து விளையாடப் போனபோது, மேரி மட்டும் உத்தரவு வாங்கிக்கொண்டு மைக்ராஸ்கோப் முன் உட்கார்ந்தாள். ஒரு கண்ணை மாற்றி இன்னொரு கண். புட்டியைக் குலுக்கி மறுபடி ஒரு சொட்டு. "நீ கண்டியே, எந்தப் பக்கமா இருந்திச்சு?" என்று கேட்பாள். புஷ்பமும் வாய் கூசாமல், "அந்த ஓரமா" என்பாள். மேரி கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்த ஓரத்தைப் பார்ப்பாள்.

நிறைவு விழாவுக்கு முந்தின நாள் புஷ்பம் அறைக்கு வந்தபோது, மேரி பாவாடையை மடித்துப் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தாள்.

"நான் காலைலயே ஊட்டுக்குப் போயிடறேன். நீ கண்ட, நீயே சொல்லு. எனுக்குக் கண்ணு அவுட்டாயிருச்சு போல கீது. எங்கம்மாவுக்கும் இப்டித்தான் சின்ன வயசுலயே பொகையடிச்சுது. கண்ணு தெரியாதவளுக்கு இன்னாத்துக்கு சயின்ஸு?"

அழாமல், மீன் விலை சொல்வது போலச் சொன்னாள். அதுதான் புஷ்பத்துக்குத் தாங்கவில்லை.

"மேரி, உன் கண்ணுக்கு ஒண்ணும் கேடு வரல. எனக்கும் தட்டுப்படல."

"இன்னா சொன்ன?"

"சார் கேட்டாரு, இருக்குன்னுட்டேன். அந்தத் தண்ணில ஒண்ணையும் காணோம்."

அப்போதும் 'தட்டுப்படல', 'காணோம்' என்று சுற்றி வந்ததே தவிர அந்தச் சொல் வரவில்லை. மேரி கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

"தெனிக்கும் குந்திக்கினு என் கண்ண நானே திட்டிக்கினு கெடந்தேன். மாதாவாண்ட வேண்டிக்கினேன். நீ பக்கத்துல நின்னு வேடிக்க பாத்துக்கினு இருந்தியா?"

புஷ்பம் தலையைக் குனிந்துகொண்டாள். தன்னை இவ்வளவு கேவலமாக அவள் ஒருநாளும் உணர்ந்ததில்லை. மேரி பையிலிருந்த பாவாடையை வெளியே இழுத்துக் கொடியில் போட்டாள்.

"நான் போவல. நாளிக்கு உன் பக்கத்துல நிக்கறேன். நீ இன்னா சொல்றேன்னு பாக்கறேன்."

மறுநாள் அப்பா தன் தம்பியைக் கடையில் உட்கார வைத்துவிட்டு, சலவை வேட்டி மொடமொடக்க, நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார். பெற்றோர்களுக்கு நடுவே கைகட்டி நின்றார். தலைமை தாங்க வந்த அம்மாள் மேசை மேசையாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். பத்ரிநாராயணன் முகமெல்லாம் சிரிப்பு. "கோட்டூர்புரம் வரைக்கும் கடல் வந்திருக்கு மேடம். கண்டுபிடிச்சது இந்தப் பொண்ணு."

"அப்படியா? எங்கே, காட்டும்மா."

அதைவிட எடுப்பாக ஒன்று காட்டுவதற்கு அங்கே எதுவும் இருக்கவில்லை. புஷ்பம் அப்பாவைப் பார்த்தாள். கல்லூரி வாசலும் தூத்துக்குடி ரயிலும் அந்த முகத்தில்தான் இருந்தன. பக்கத்தில் மேரியின் தோள் அவள் தோளில் உரசியது.

"இல்லை" என்றாள்.

வந்துவிட்டது. ஒன்று வந்தபின் மற்றதும் வந்தது. "இந்தத் தண்ணியில அது இல்லைங்கம்மா. நான் பாக்கவும் இல்லை. இருக்குன்னு சாரிடம் பொய் சொன்னேன். மேரிதான் தினமும் சரியாப் பாத்தா."

அந்த அம்மாள் "ஓ" என்றாள். கொஞ்சம் நின்று, இருவரையும் பார்த்துவிட்டு அடுத்த மேசைக்குப் போனாள். பத்ரிநாராயணன் முகம் சுண்டிப்போயிற்று. படத்தின் முன் போய் நின்று, வட்டத்தின் மேல் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். "நானும்தான் பாத்தேன். எனக்கும் தெரியலை. சொல்லத்தான் மனசு வரலை" என்று படத்தைப் பார்த்தே சொன்னார்.

அப்பா நெருங்கி வந்தார். உதட்டில் சுண்டு விழும் என்று நினைத்துப் புஷ்பம் கண்ணை மூடிக்கொண்டாள். விழவில்லை. அவர் மேரியிடம் கேட்டார்: "ஏம்மா, இதுல எங்கிட்டுப் பாக்கணும்?"

மேரி காட்டிக்கொடுத்தாள். அவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு குனிந்தார். துணியில் இழையோட்டம் பார்ப்பது போல ஒற்றைக் கண்ணால் நிதானமாகத் துழாவினார். பின்னால் வரிசை சேர்ந்துவிட்டது.

"ஆமா, ஒண்ணும் இல்லையே" என்றார்.

சொன்னபிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது. நிமிர்ந்து, அவசரமாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, யாராவது பார்த்தார்களா என்று சுற்றிலும் பார்த்தார். பிறகு மறுபடியும் குனிந்தார்.

"அப்பா, சூன்ல காலேசுக்கு ஃபாரம் குடுப்பாவ" என்றாள் புஷ்பம்.

அவர் தலையையும் எடுக்கவில்லை, கனகராஜ் பேச்சையும் எடுக்கவில்லை. பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள். கடையில் கூட்டம் நெருக்கும்போது காட்டுவாரே, அதே போல ஒரு கையை மட்டும் பின்னால் நீட்டி, கொஞ்சம் பொறுங்கள் என்று காட்டிவிட்டு, மேரி அடுத்த சொட்டை வைப்பதற்காகக் காத்திருந்தார்.